ஒப்பிட ஓர் ஆள்

பார்க்கின்சன் நோய் வந்து, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் அக்கா தன் அழகு நிலையத்தை மூடிய நாளிலிருந்து தங்கைக்கு ஒரே பல்லவிதான். "என்னை மாதிரி தினமும் நடந்திருந்தா உனக்கு இது வந்திருக்குமா?" தங்கை ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதாத குறையாகத்தான் பேசுவாள்.

மூளையைப் படமெடுத்து, நோய் எது முதுமை எது என்று பிரித்தறியும் ஆராய்ச்சி ஒன்றில் அக்கா சேர்ந்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத வயதானவர்களும் வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். தங்கை தானாகவே முன்வந்தாள். ஊசி போட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, தலையைச் சுற்றிச் சுழலும் கேமராவுக்கடியில் படுத்து எழுந்தாள்.

"கல்லு மாதிரி கிடந்தேன். நீ ஆடின ஆட்டத்துக்கு உனக்குப் படத்தைத் திரும்ப எடுத்தாங்களாமே?" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டாள்.

முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"தனியாப் பேசலாமா?" என்று டாக்டர் தயங்கினார்.

"அக்கா முன்னாடியே சொல்லுங்க டாக்டர். அவளும் நல்லாக் கேக்கட்டும்."

டாக்டர் திரையைத் திருப்பினார். நல்ல மூளையில் இரண்டு காற்புள்ளிகள் போல ஒளிரவேண்டிய இடம். இதில் ஒன்றுக்கு வால் இல்லை, வெறும் புள்ளி.

"வயசானா கொஞ்சம் மங்கும். ஆனா இது வயசு இல்லைம்மா. சீக்கிரமா நரம்பு டாக்டரைப் பாருங்க. ஆரோக்கியமானவங்க வரிசையில உங்களை இனி வச்சிருக்க முடியாது."

"எனக்குக் கையே நடுங்கலையே!"

"சிலருக்குப் படத்துலதான் முதல்ல தெரியும்."

அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. அவளே திடுக்கிட்டுப் போனாள். கூடப் பிறந்தவளாயிற்றே என்று மனதை அதட்டிப் பார்த்தாள். அது அடங்கவில்லை.

வெளியே வந்ததும் தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். நோய் அந்த முகத்தை எப்போதோ இறுக்கியிருந்தது. சிரிப்பானாலும் அழுகையானாலும் அதில் தெரியாது.

"உனக்கும் தாங்க முடியலை, இல்லக்கா?" தங்கை அவள் தோளில் சாய்ந்து விம்மினாள்.

"ஆமாடி."

தன் நோய்க்கு நன்றி சொல்லலாம் போல அக்காவுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அதன்பின் தங்கை அடிக்கடி வந்தாள். இனி என்னென்ன வரும், எது முதலில் போகும் என்று துருவித் துருவிக் கேட்டாள். அக்கா பொறுமையாக, ஒன்றுவிடாமல், எதையும் குறைத்துச் சொல்லாமல் விவரித்தாள்.