ஒரு டம்ளர் தண்ணீர் போதாது

ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்கு மீன் வளர்க்க ஆசை வந்தது. "வேலை வைக்காத மீனா பாத்து வாங்கு. அப்புறம் என் தலையில கட்டிராத" என்று சொல்லிக்கொண்டே கணவரும் கூட வந்தார்.

மீன்கடைக்காரர் இரண்டு டம்ளர்களுக்கு நடுவே செருகியிருந்த அட்டையை உருவினார். உள்ளேயிருந்த ஃபைட்டர் மீன்கள் ஒன்றையொன்று பார்த்ததும் செவுளை விரித்துச் சிலிர்த்தன.

"பாத்தீங்களா துடிப்ப! ஆனா ஒரு தொந்தரவும் தராது. மோட்டார் வேணாம், தொட்டி வேணாம், இந்த டம்ளரே போதும். அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

"அப்ப நம்ம வீட்டுக்குத் தோதான மீனுதான்" என்றார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா அவளைப் பற்றியும் 'அட்ஜஸ்ட் பண்ணிக்குவா' என்றுதான் சொன்னார். பதினாறு வருஷமாகியும் அந்த வீட்டில் அவளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டுகூடக் கிடையாது.

"சாகாம கெடக்குறதுக்குப் பேரு அட்ஜஸ்ட் பண்றதாண்ணே? அந்த மூணடித் தொட்டிய எடுங்க."

"ஏய், அத வைக்க வீட்ல எடம் எங்க இருக்கு?" கணவர் பதறினார்.

"உங்க டிவி இருக்குற எடம்" என்றபடி அவள் பர்ஸைத் திறந்தாள்.