ஆயில் டெஸ்ட்

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள் மகேஸ்வரி. ஒரு பார்க்கிங் சீட்டும் காய்ந்துபோன கறிவேப்பிலைக் கொத்தும்தான் அகப்பட்டன. மேலே மூன்றாவது மாடியில் புருஷனைக் கிடத்தியிருக்கிறார்கள். பெண்டாட்டி கீழே அவர் காரைச் சோதனை போடுகிறாள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் நேற்றோடு போய்விட்டது.

நேற்றுக் காலை லேக் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய குருமூர்த்தி, ஊரின் மறுகோடியில் நியூ டவுனில், சாலையோரம் நிறுத்திய காருக்குள் இறந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பாலிகஞ்சில் குடியிருக்கும் மனுஷனுக்கு நியூ டவுனில் என்ன வேலை?

அவர் ஒரு காரணம் சொல்லித்தான் வைத்திருந்தார். டர்போ கார் ஆயில் குடித்தது. சிக்னலில் நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனாலும் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. மெக்கானிக் தபன் ஆயிலை நிரப்பி, மூடிக்கும் அளவுக்கம்பிக்கும் சீல் வைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னாராம். எவ்வளவு எரிகிறது என்று தெரிந்தால்தான் கோளாறு பிஸ்டனிலா டர்போவிலா என்று தேட முடியுமாம். அன்றிலிருந்து தினமும் ஓட்டம்தான். கேட்டால் டெஸ்ட் என்பார். துர்கா பூஜைக்கு முன்னால் ஆரம்பித்தது, ஊரே ஸ்வெட்டர் போட்ட பிறகும் முடியவில்லை. காரில் ஆயில் எரிந்ததோ இல்லையோ, வீட்டில் அவள் வயிறு எரிந்தது.

"என்னத்தத் தேடுற மகேசு?"

குருமூர்த்தியின் அக்கா சௌந்தரம். மதுரையிலிருந்து காலை விமானத்தில் வந்தவள்.

"அவரு கண்ணாடிய, மதினி."

"கண்ணாடி டிவிகிட்ட இருக்கு." சௌந்தரம் குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்ட மறைக்காத. அங்கிட்டு எவளும் இருக்காளா?"

தனக்குள் எத்தனையோ தரம் கேட்டுக்கொண்ட கேள்விதான். இன்னொருத்தி வாயிலிருந்து வந்தபோது மகேஸ்வரிக்கு உடம்பு கூசியது.

அப்போதுதான் தபன் கேட்டுக்குள் வந்தார். விஷயம் இப்போதுதான் தெரிந்ததாம். கைகூப்பி நின்றவரின் கண்கள் கலங்கியிருந்தன.

"யாரு இது?" என்றாள் சௌந்தரம்.

"கார் மெக்கானிக்கு."

"அப்ப கேளு. அந்த டெஸ்ட்டு நெசந்தானான்னு கேளு. எனக்கும் தெரியணும்."

மகேஸ்வரி வங்காள மொழியில் கேட்டாள். டெஸ்ட் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருந்தது என்று. டெஸ்ட் மட்டும் உண்மையாக இருந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

தபன் அவளை விநோதமாகப் பார்த்தார். "டெஸ்ட் தோ பூஜோர் ஆகேய் ஷேஷ், பௌதி."

பூஜைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. டர்போவின் ஆயில் சீல்தான் போயிருந்ததாம். மாற்றிக் கொடுத்த பிறகு வண்டி ஒரு சொட்டுக் குடிக்கவில்லையாம். குருமூர்த்தி தாதா சந்தோஷமாக ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாராம்.

"என்னமோ பூஜைங்கிறாரே," என்றாள் சௌந்தரம். "என்ன பூஜை?"

மகேஸ்வரி கார்க் கதவைச் சாத்தினாள்.

"காளி கோயில்ல வண்டிக்குப் பூஜை போட்டுட்டுத்தான் டெஸ்ட்ட ஆரம்பிச்சாராம், மதினி. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டியிருந்துச்சாம். நியூ டவுன்ல ரோடு அகலம், அங்க போய் ஓட்டுங்கன்னு இவருதான் சொல்லிவிட்டாராம்."

சௌந்தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எந்தம்பியப் போயி..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். தபன் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். மகேஸ்வரி அவரிடம் வங்காள மொழியில், மேலே வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள்.

மாடியில் வாய்க்கரிசிக்கு எல்லாம் தயாராக இருந்தது. சௌந்தரம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, வண்டி டெஸ்ட்டுக்குப் போன இடத்தில் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகேஸ்வரியின் முறை வந்தது. அவர் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. அரிசியைப் போட்டாள். போட்ட பிறகும் குனிந்தபடியே அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நகரும்மா," என்றாள் வரிசையில் பின்னால் நின்றவள்.