கண்ணாடி ஹாலில் எடுத்த படம்

தங்கையின் பாட்டு வானொலியில் வந்த நாளிலிருந்து மூத்தவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பாட்டாவது பரவாயில்லை, அந்தப் படத்தைத்தான் தாங்க முடியவில்லை. பெரிய ஸ்டூடியோவின் கண்ணாடி ஹால், நடுவில் தொங்கும் மைக், காதில் ஹெட்போனோடு கண்ணை மூடி நிற்கும் இளையவள். சொந்தக்காரர்கள் எல்லார் போனிலும் அந்தப் படம்.

இப்போது மூத்தவள் முறை. அவளே எழுதி மெட்டுப் போட்ட முதல் பாட்டு, ஒரு தாலாட்டு. மறுநாளுக்குள் வானொலிக்கு அனுப்பியாக வேண்டும். மருந்துக்கடை வேலையில் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு.

எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் அவள். முன்கூட்டியே ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய், கைதட்டிப் பார்த்து, ஒரே வரியைப் பாடி, போனில் பதிந்து, வீட்டில் போர்வைக்குள் தலையை விட்டுக் கேட்டாள். சைக்கிள் கடை மாடியில் இருந்த சின்ன ஒலிப்பதிவு அறைதான் அவள் குரலுக்குப் பொருந்தியது. சுவரெல்லாம் பழைய மெத்தை. மெல்லப் பாடினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது.

"அப்புறம் என்ன? அங்கேயே வெச்சுக்கலாம்" என்றான் கிடார் வாசிக்கிற கணவன்.

"அவ கண்ணாடி ஹால்ல பாடுவா, நான் மெத்தைக்கு நடுவுல பாடணுமா?"

"இதைச் சொல்றது உன் காதா, வயிறா?"

"பேசாம கிடாரைத் தூக்குங்க."

பெரிய ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் தயங்கினார். "அக்கா, இந்த ஹால் பெரிய குழுவுக்கு. ஒரு குரல், ஒரு கிடாருக்கு..."

"என் தங்கச்சி நின்ன அதே இடம். அதே மைக்."

கணவன் முதலில் படம் எடுத்தான். பிறகு பாடினாள். போட்டுக் கேட்டபோது, ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் யாரோ யாரையோ தேடுவதுபோல் இருந்தது. மெல்லிய வரிகளைக் காணவே இல்லை. குரலை உயர்த்தி மறுபடி பாடினாள்.

"குழந்தை தூங்காது, எழுந்து ஓடிடும்" என்றான் கணவன்.

அவளுக்குக் கண் கலங்கியது. "அவளுக்கு மட்டும் எப்படி நல்லா வந்துச்சு?"

ஒலிப்பதிவாளர் விழித்தார். "அவங்க இங்க பாடலையேக்கா. படம் மட்டும்தான் இங்க. பாடினது அதோ, அந்த ரூம்ல."

டிரம்களை அடுக்கிவைத்திருந்த சாமான் அறை. கதவில் கம்பளி தொங்கியது.

"நீங்களும் அங்கயே பாடுங்களேன்."

பாடலாம்தான். ஆனால் இளையவள் பாடிவிட்டுப் போன அறையில் இரண்டாவது ஆளாக நுழைய அவளுக்குக் கால் வரவில்லை.

"சைக்கிள் கடைக்குப் போங்க" என்றாள் கணவனிடம்.

கீழே சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் கெஞ்சினாள். "பாட்டு முடியற வரைக்கும் தட்டாதீங்கண்ணே."

"சட்டுனு பாடிட்டு வாம்மா, ஆள் காத்திருக்காங்க."

மெத்தைகளுக்கு நடுவே கிசுகிசுப்பதுபோல் பாடினாள். போட்டுக் கேட்டபோது கணவன் ஒரு கேலியும் பேசவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வானொலியில் பாட்டு முடிந்ததும் தங்கையிடமிருந்து அழைப்பு. "அக்கா, காதுக்குள்ளயே பாடற மாதிரி இருக்கு. எங்க பாடின?"

பாராட்டுத்தான். ஆனால் 'எங்க'வில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. அந்த இழுப்பு மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அது அவள் தொண்டையில்தான் இருந்தது.

சைக்கிள் கடை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கை கண்ணாடி ஹால் படத்தை அனுப்பிவிட்டது.

"நீ பாடின இடத்துலதான்டி. படம் பாரு, அதே ஹால், அதே மைக்."

அந்த ஹாலில் தாலாட்டு எடுபடாது என்று இளையவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றுதான் அவளால் சொல்ல முடியாது.

"அப்படியாக்கா" என்றாள் இளையவள். "நல்ல ஹால் இல்ல?"

"ரொம்ப நல்ல ஹால்" என்றாள் மூத்தவள்.