ரெட் டிராகனுக்குப் போன முதல் உப்பு

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போன ஆவணியில் 'ரெட் டிராகன்' ஹோட்டல் திறந்தபோது ஊரே சிரித்தது. கோயில் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவரிடம் போர்டு எழுதக் கொடுத்திருந்தார்கள். அவர் ஜென்மத்தில் டிராகனைப் பார்த்ததில்லை. கை பழகிய அய்யனார் மீசையை அதற்கும் வைத்துவிட்டார். இங்கே கும்பிட ஆள் வருமே தவிர சாப்பிட வராது என்று உப்பளக்காரர் கண்ணாயிரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு மாதம் கழித்து அந்த மீசைக்குக் கீழே தினமும் போய் உட்கார்ந்தவரும் அவர்தான்.

அவரை இழுத்தது ருசிகூட இல்லை, கை. வாசலிலேயே அடுப்பு. கடை போட்ட கிளியனூர் தட்சணாமூர்த்தி, சென்னையில் பதினாறு வருஷம் சைனீஸ் ஹோட்டலில் நின்றவன், இடுப்பளவு தீயில் சட்டியைத் தூக்கிப்போட்டு நூடுல்ஸைப் பிடிப்பான். ஒரு இழை கீழே விழாது. உப்புப் பாத்தியில் சேறு கலங்காமல் மேலுப்பை மட்டும் பலகையால் வாரி எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கண்ணாயிரத்துக்குத் தெரியும். வேலை தெரிந்தவனைப் பார்த்தால் அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

சாப்பாடும் லேசுப்பட்டதில்லை. சில்லி சிக்கன் வரும்போதே மூக்கைத் துளைக்கும். காலிஃபிளவர் மஞ்சூரியன் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். முதல் நாள் தட்சணாமூர்த்தி சூப்பை முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"ரசத்த யாராவது மொதல்ல குடிப்பாங்களாப்பா?" என்றார் கண்ணாயிரம்.

அவன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் சூப் கடைசியில் வந்தது. அந்த மரியாதையில் மனிதர் விழுந்தே போனார்.

ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் அவன் சொன்னான்: "சித்திரை வரைக்கும் பாக்கறேண்ணா. சாப்பிட ஆளு நிக்கலன்னா மெட்ராஸுக்கே போயிடுவேன்."

அன்றிலிருந்து கண்ணாயிரம் கண்ணில் பட்டவனையெல்லாம் பிடித்து இழுத்துவந்தார். மெடிக்கல் ஷாப் காசிலிங்கம் முதலில் வந்தார், பிறகு அவரே பத்துப் பேரை அனுப்பினார். தை மாதத்தில் நின்று சாப்பிடவேண்டிய கூட்டம். இனி அவன் எங்கும் போகமாட்டான் என்று கண்ணாயிரம் நிம்மதியாக இருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை கொட்டித் தீர்த்ததில், கீற்று போட்டு மூடிவைத்திருந்த பழைய உப்புக் குவியலெல்லாம் கரைந்து ஓடியிருந்தது. மாசிக் கடைசியில்தான் புது உப்பு பூத்தது. முதல் வாரலில் ஒரு கூடை கோயிலுக்கு, அரை மூட்டை சம்பந்தி வீட்டுக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். கண்ணாயிரம் அந்த அரை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் தட்சணாமூர்த்தியின் அடுப்படியில் இறக்கினார். அவன் ஈரக் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சம்பந்திக்குப் போற உப்பு சைனாவுக்குப் போச்சா" என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பங்குனி பிறந்தது. ரெட் டிராகனில் மேசைகள் காலியாக ஆரம்பித்தன. காசிலிங்கம் பாதித் தட்டோடு எழுந்து கைகழுவினார்.

"இன்னாய்யா இது, தொண்டையில கசக்குது. அவன் கைப்பக்குவம் போச்சு."

"உன் நாக்குல மாத்திரைத் தூள் ஒட்டிக்கினு இருக்குது. அதான் கசக்குது" என்று சீறினார் கண்ணாயிரம். அவருக்கு எதுவும் கசக்கவில்லை. எப்போதும்போல அமிர்தம்தான். ஊரில் எவனுக்கும் நல்லது பொறுக்காது என்று திட்டிக்கொண்டே இன்னொரு தட்டு வாங்கினார். தட்சணாமூர்த்தி தலை குனிந்தபடி சட்டியைத் தேய்த்தான். சித்திரைக்கு எட்டு நாள் இருந்தது.

அன்று பிடிவாதமாக ஒரு பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். தையல்நாயகி ஒரு வாய் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது நம்ம புது உப்பு."

"உப்புல இன்னாடி புதுசு பழசு?"

"கசப்புத் தண்ணி வடியாத உப்ப எவளாவது ஒலையில போடுவாளா? ஒரு மழக்காலம் கெடந்து கசப்பு எறங்கணும். நான் ஒரு வருஷம் வச்சித்தான் எடுக்கறேன். சம்பந்தியம்மாவும் அப்பிடித்தான் வச்சிருப்பாங்க. அந்தக் கடைக்காரருக்கு இத யாரு சொன்னாங்க?"

"எனக்கு ஏன் கசப்பு தெரியல?"

"பொறந்ததுலருந்து வாருன உப்ப அங்கியே நாக்குல வச்சிப் பாக்கற ஆளு நீங்க. ஒங்களுக்கு எப்பிடிக் கசக்கும்?"

ஒரு மாதமாக ஊரையே திட்டியது கண்ணாயிரத்துக்கு நினைவுக்கு வந்தது. தான் ஆசையாகத் தூக்கிக்கொண்டுபோன மூட்டையே அவன் கடையை மூடப் பார்க்கிறது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. சமையலறையில் தையல்நாயகியின் உப்புச்சாடி இருந்தது. மழைக்குத் தப்பிய பழைய உப்பு அந்த வீட்டில் அது ஒன்றுதான். அவர் அதைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவளே சாடியை எடுத்து, வாயை வெள்ளைத்துணியால் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் சாடியோடு போனார். நடுவழியில் மெடிக்கல் ஷாப்பில் ஏறி, காசிலிங்கத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டார்.

"கசக்குதுன்னு தெரிஞ்சும் ஏம்பா போட்ட?" என்று அடுப்படியில் கேட்டார்.

தட்சணாமூர்த்தி அடுப்பைத் தணித்தான். "மொத உப்பு குடுத்தீங்க. சொந்தக்காரனுக்குத்தான் குடுப்பாங்களாமே. அத எப்பிடிண்ணா ஓரமா வைக்கறது? தீர்ந்துட்டா சரியாயிடும்னு பாத்தேன்."

கண்ணாயிரம் திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காசிலிங்கம், கசப்பு இவன் கையில இல்ல. என் உப்புல. பச்ச உப்பக் குடுத்துக் கெடுத்தது நான்." முப்பது வருஷமாகத் தன் உப்பைக் குறை சொன்னவனோடு அவர் பேசியதே கிடையாது.

தட்சணாமூர்த்தி சமையலுக்குக் கரைத்துப் பாட்டிலில் வைத்திருந்த உப்புத்தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாடி உப்பைக் கரைத்தான். தீ எழுந்தது. நூடுல்ஸ் மேலே போய் இறங்கியது, ஒரு இழை தவறவில்லை. இரண்டு தட்டு வந்தது.

கண்ணாயிரம் அவசரமாக ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்று பார்த்தார். நேற்று சாப்பிட்டதும் இதுவும் அவர் நாக்குக்கு ஒன்றாகவே இருந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு காசிலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிலிங்கம் குனிந்த தலை நிமிராமல் தின்றார். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து வாயில் வைத்தார்.

"இன்னொரு தட்டு போடுப்பா" என்றார் காசிலிங்கம்.

கண்ணாயிரம் தன் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். தட்சணாமூர்த்தி வழக்கம்போல அவருக்குக் கடைசியில் சூப் கொண்டுவந்து வைத்தான்.