தட்டோட வா மாப்ளே

பாண்டீஸ்வரனின் செல்போன் கீச்சிட்டது. “சின்னமனூர்ல பூ வாங்கியாச்சு மாமா. வந்துக்கிட்டே இருக்கோம்.” படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கம்பத்தில் வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதுகிற மனிதர். பத்திரிகைகளில் கதையும் எழுதுவார். கதைக்கு அடியில் செல் நம்பரைப் போடத் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் மெசேஜ் அனுப்ப, இவர் நக்கலாகப் பதில் அனுப்ப, அதுவே போதையாகிவிட்டது. கதையைவிடப் பதில்தான் நல்லாயிருக்கு என்று நண்பர்கள் வேறு ஏற்றிவிட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

முகம் தெரியாத இளவட்டமெல்லாம் அவருக்கு மாப்ளேதான். மார்க்கையன்கோட்டை வீரணன் போன வாரம், “கதையில வர்ற பொண்ணு உங்க மகளா மாமா?” என்று கேட்டிருந்தான். “ஆமா மாப்ளே. புடிச்சிருந்தா ஆத்தாளோட தட்டைத் தூக்கிக்கிட்டு வா” என்று அடித்துவிட்டார். “ஞாயித்துக்கெழமை வரவா?” என்றான். “ஏழு தட்டுக்குக் கொறைஞ்சா கதவு தொறக்காது” என்றார்.

முறைக்காரர்கள் இப்படிக் கேலி பேசிக்கொள்வது இந்தப் பக்கம் சகஜம். ஆனால் முறையுள்ளவன் பெண் கேட்டு, தகப்பன் வரச் சொல்லிவிட்டால் அது வாக்கு என்பதும் இந்தப் பக்கத்து வழக்கம்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் விரலால் கெட்டார்.

தடுக்கலாம் என்று போன் போட்டார். எடுத்தது வீரணனின் தாய் மொக்கம்மாள். “அண்ணே, விசாரிச்சிட்டோம். மொறை சரியாத்தான் வருது. உத்தமபாளையம் தாண்டிட்டோம்” என்றாள். அந்தச் சந்தோஷக் குரலைக் கேட்டதும், “பாத்து வாங்க தங்கச்சி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

“தட்டை வாங்குனா புள்ள வாழ்க்கை போச்சு. வாங்காட்டி வந்தவுக மானம் போச்சு. எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று மனைவி சந்தனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மகள் கயல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தேனியில் நர்சிங் கடைசி வருஷம். படிப்பு முடியாமல் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஜீப் வந்து நின்றது. புதுச்சட்டை மடிப்புக் கலையாமல் வீரணன் இறங்கினான். மொக்கம்மாளும் கூட வந்த பெண்களும் தட்டுகளோடு வாசலுக்கு வந்தார்கள். எண்ண வேண்டியதில்லை, ஏழுதான்.

பாண்டீஸ்வரன் கைகூப்பினார். “தங்கச்சி, அது… நான் வெளையாட்டுக்குச் சொன்னதுத்தா.”

மொக்கம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. “ஏலே, வெளையாட்டாம்லே?” என்று மகனைப் பார்த்தாள். பிறகு பாண்டீஸ்வரனிடம் திரும்பினாள்.

“இவன் அப்பன் செத்ததுலருந்து ஒரு சொந்தக்காரன் எங்களை மதிச்சு வான்னு சொன்னதில்லண்ணே. நீங்க வரச் சொன்னீகன்னு இவன் ஊரு பூராம் அந்த மெசேஜைக் காட்டுனான்.”

பாண்டீஸ்வரனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மொக்கம்மாள் பழத்தை மட்டும் எடுத்துச் சந்தனம்மாளின் முந்தியில் போட்டாள். “அண்ணன் வீட்டுக்கு வந்துட்டுப் போனதா இருக்கட்டும்” என்றாள். பூவும் வெற்றிலையும் தட்டோடு ஜீப்பில் திரும்பின.

ஜீப் தெருமுனை திரும்பியதும் செல்போன் கீச்சிட்டது. “அடுத்த கதை எப்ப மாமா?” வீரணன்தான்.

மாப்ளே என்று அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார்.

கயல் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அப்பாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா, இன்னைக்கு நக்கல் பதில் ஒண்ணும் வரலையா?”