வலது காலின் தீர்ப்பு

ஒரு புத்தகம் மருந்துக்கடைக்காரருக்குப் பிடித்திருக்கிறதா என்பதை அவரிடம் கேட்டு அறிய வேண்டிய அவசியம் அந்த வீட்டில் எவருக்கும் நேர்ந்ததில்லை. அவருடைய வலது காலைப் பார்த்தால் போதும். நல்ல எழுத்து கண்ணில் பட்டுவிட்டால், இடது முழங்காலின்மேல் கிடக்கும் அந்தக் கால் அவரைக் கேளாமலேயே ஆடத் தொடங்கும். ஆடுவதை அவர் உணர்ந்த நொடியில் நின்றுவிடும். ஒருமுறை ஆடிய பக்கத்துக்கு மறுமுறை ஆடாது.

பனிக்கடலில் சிக்கிய கப்பலொன்றின் கதைக்கு அது முதல் பக்கத்திலேயே ஆடியது. தேனீ வளர்ப்பைப் பற்றிய சிறுநூலுக்கு ஆடிய ஆட்டத்தில் கடை முக்காலி கிரீச்சிட, இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலை மறந்து சிரித்தார். தலையணைக் கனத்தில் வந்த அரச வரலாறு ஒன்றில், போர்கள் அனைத்தையும் அசையாமல் கடந்து, அரண்மனைச் சமையலறையில் உப்புத் தீர்ந்துபோன இடத்தில் மட்டும் அசைந்தது. துப்பறியும் கதைகளுக்குக் கொலைகாரன் அகப்படும்வரை ஆடும். அகப்பட்டதும் சலித்துப் படுத்துவிடும்.

பரிசு பெற்ற நாவல் ஒன்றின் பின்னட்டையில் மூன்று பெரிய மனிதர்கள் சற்றும் கூசாமல் புகழ்ந்திருந்தார்கள். கால் கடைசிப் பக்கம்வரை மரக்கட்டையாகக் கிடந்தது. மாத்திரை உறையின்மேல் பெயரை மட்டும் அச்சடித்து, உள்ளே சுண்ணாம்பை அடைத்து விற்றால் தன்னைச் சிறையில் தள்ளுவார்கள். இந்த மூவரைக் கேட்பாரில்லையே என்று அவர் வெகுநாள் பொருமினார்.

இப்போது அந்தக் காலுக்கு நேர் எதிரே, பிரம்பு மோடாவில், அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

பாலம் கட்டும் நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்தவள். வேலையை உதறிவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாவல் எழுதி முடித்திருந்தாள். பழைய அலுவலகம் அவளைத் திரும்ப அழைத்திருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"கால் ஆடுச்சுன்னா வேலை வேண்டாம்னு சொல்லிடுவேன். அடுத்ததை எழுத ஆரம்பிச்சுடுவேன்" என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். "ஆடலைன்னா திங்கக்கிழமை போய்ப் பாலத்தைப் பாத்துக்குறேன்."

"நான்தான் படிச்சுட்டு வாயால சொல்றேனேம்மா."

"உங்க வாய் மரியாதை பாக்கும்ப்பா. நான் காலைத்தான் கேக்குறேன்."

கீழே கடையை மூடிவிட்டு, மாடி வீட்டில் அவர் படிக்க உட்கார்ந்தார். அடுக்கிய தாள்களில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டன. எழுத்தில் குற்றமென்று சொல்ல ஏதுமில்லை. வாக்கியங்கள் தூண்களைப்போல் நிமிர்ந்து நின்று, சுமந்தவற்றைப் பழுதில்லாமல் சுமந்தன. ஆனால், அந்தப் பாலத்தின்மேல் ஒருவரும் நடந்து வரவில்லை. எந்தெந்த நோய்க்கோ மருந்தெடுத்துக் கொடுத்த கை, இதற்கு எதை எடுத்துக் கொடுப்பதென்று தெரியாமல் தாளைப் புரட்டியது. கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அவருடைய மனைவி எழுந்து வந்து ஒரு போர்வையை அவர் மடியில் விரித்து, காலோடு சேர்த்து மூடினாள்.

"ஃபேன் காத்து ஜில்லுனு இருக்கு. இவருக்கு ஆகாது."

"அம்மா, வேர்த்துக் கொட்டுது அவருக்கு. எடு அதை."

"என்ஜினியரம்மா சொன்னா எடுத்துத்தானே ஆகணும்" என்று முணுமுணுத்தவாறே மனைவி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாளைப் புரட்டும் சாக்கில், பாதத்தை மெல்ல மேலும் கீழுமாக அசைத்தார். மனைவியின் முகம் மலர்ந்தது.

"ஏய், பாருடி. ஆடுது."

மகள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க ஆட்டுறீங்க."

"இல்லம்மா, அதுவா..."

"அதுவா ஆடுனா முதல்ல கட்டைவிரல் அசையும். அப்புறம்தான் கால். சின்ன வயசுலேருந்து கடையில உக்காந்து இதைத்தானே பாத்துட்டிருக்கேன்."

உள்ளறையில் தொலைபேசி ஒலித்தது. அவள் எழுந்து போனாள். தாய் பின்னாலேயே ஓடினாள்.

அவமானத்தில் தலை நிமிராமல் அவர் கையிலிருந்த தாளையே படித்தார். இறப்பு நேர்ந்த வீடொன்றுக்குத் துக்கம் விசாரிக்கப் போன ஒரு பெண், அங்கே குவிந்து கிடந்த கோப்பைகளைக் கழுவுகிறாள். எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறாள். ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராத கோப்பை. அது யாருடையது என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அதை வைக்கும் இடத்தை யாரிடமும் கேட்க முடியாமல், ஈரம் சொட்ட நிற்கிறாள்.

கையிலிருந்த தாள் நடுங்கியது. குனிந்து பார்த்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்ததும் நின்றது.

"வாங்க, ரெண்டு பேரும் இங்க வாங்க. ஆடிடுச்சு."

தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தியபடி மகள் அறைவாசலில் வந்து நின்றாள்.

"லைன்ல இருக்காங்கப்பா."

"நிஜமாவே ஆடுச்சும்மா. நான் ஆட்டலை."

"எந்தப் பக்கம்?"

அவர் தாளை நீட்டினார். அவள் மேலோட்டமாகப் பார்த்தாள்.

"இதா? இதுல ஒண்ணுமே நடக்கலையே. இதைத் தூக்கிடலாம்னு இருந்தேன்."

"இதைத் தொடாதே. இது ஒண்ணு போதும்."

"சரி, எங்க முன்னாடி இன்னொரு தடவை படிங்க."

ஆடாது என்பது மூவருக்கும் தெரியும். இருந்தும் அவர் உட்கார்ந்து, காலின்மேல் காலைப் போட்டு, முதல் வரியிலிருந்து படித்தார். கோப்பைகள் வந்தன, அந்தப் பெண்ணும் வந்தாள். தன் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் அந்தக் காலிடம் அவர் மனத்துக்குள் கெஞ்சினார். அது யாருடைய காலோபோலக் கிடந்தது.

"ஏங்க, உண்மையிலேயே ஆடுச்சா?" என்று மனைவியும் கேட்டுவிட்டாள்.

"சத்தியமா ஆடுச்சு."

"போதும்ப்பா. எனக்காகத்தான் சொல்றீங்க, தெரியுது" என்றாள் மகள், மிகவும் அன்பாக. அந்த அன்பை அவரால் தாங்க முடியவில்லை. அவள் பொத்தியிருந்த கையை எடுத்தாள். "சார், திங்கக்கிழமை வந்துடுறேன்."

மனைவி நாவலின் மற்றத் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கடைக்கதவை யாரோ தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். அந்த ஒரு தாளை மேசையருகே கொண்டுபோனார், வைக்கவில்லை. அலமாரியருகே கொண்டுபோனார், அது பூட்டியிருந்தது. கீழே மறுபடி தட்டினார்கள்.