மூடாத சாக்கெட்

கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கர்னல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றில் இருக்கிற கர்னல் என்ற பகுதியில்தான் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டரில் ஓடுகிற எந்தப் புரோகிராமும் அதைக் கேட்காமல் வெளியே ஒரு எழுத்தைக்கூட அனுப்ப முடியாது. இந்த விவரம் தெரியாத அக்காவின் சம்பந்தியம்மாள், கல்யாணத்தன்று அவளை ஓரமாக அழைத்து, பட்டாளத்தில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று மரியாதையாக விசாரித்தாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டாள். கர்னல் மட்டும் முகம் மாறாமல், "இன்னும் ரிட்டயர் ஆகலங்க" என்று சொல்லிவைத்தாள்.

அந்த அக்கா இப்போது அவளோடு இல்லை. கடல் தாண்டி இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள், குழந்தை குப்புறட்டும், தவழட்டும், நடக்கட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். கணவனை இழந்த அக்காவும் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட தங்கையும் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்த வீட்டில், சண்டைக்கும் ஆளில்லாமல் தங்கை மட்டும் மிஞ்சினாள். ஆபீஸிலும் அதே கதைதான். அவளுடைய குழுவில் மற்றவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டார்கள். மேல்மாடி அறையில் வரிசையாகக் காலி நாற்காலிகள். நீ மட்டும் ஏன் தினமும் வருகிறாய் என்று கேட்டால், "வீட்ல ஏசி இல்ல" என்பாள். வீட்டில் ஏசி இருந்தது.

கம்பெனியின் தொழில், தனியாக வாழ்கிறவர்களுக்கு உதவிப் பெட்டி வைப்பது. சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியில் சிவப்புப் பொத்தான் ஒன்று, பச்சைப் பொத்தான் ஒன்று. சிவப்பை அழுத்தினால் கீழ்த்தளத்தில் இருக்கும் உதவி அறையில் ஒரு பெண் என்ன வேண்டும் என்று கேட்பாள். பேசி முடித்ததும் பச்சையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு விட்டுப்போயிற்று. ஊர்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். இணைப்பு கிடைத்துவிட்டதென்று பெட்டியில் விளக்கு எரிந்தது. ஆனால் யாரும் பேசவில்லை. பொழுது சாய்ந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்வரை அந்த அம்மா அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே தரையில் கிடந்தார்.

உயிர் பிழைத்தார். ஆனால் கம்பெனி ஆடிப்போய்விட்டது. பெட்டி செய்தவர்கள் லைனைக் கை காட்டினார்கள். லைன்காரர்கள் புரோகிராமைக் கை காட்டினார்கள். புரோகிராம் எழுதியவர்கள், எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம், சந்தேகம் கர்னல் மேல்தான் என்றார்கள். வாயில்லாததன் தலையில் பழியைப் போடுவது எங்கும் உள்ளதுதானே. அப்படியாக அந்த வழக்கு மேல்மாடிக்கு வந்து சேர்ந்தது.

வெளியுலகத்தோடு பேச வேண்டுமென்றால் ஒரு புரோகிராம் கர்னலிடம் ஒரு வாசல் கேட்டு வாங்க வேண்டும். அதற்குச் சாக்கெட் என்று பெயர். வாசலைத் திறக்க ஃபங்ஷன் என்ற ஒரு கட்டளைத் துண்டு, வந்தவரை உள்ளே அழைக்க ஒன்று, அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, மூட ஒன்று. அழைப்புகளை வாங்குகிற சர்வர் கம்ப்யூட்டரை நிறுத்தாமலே இந்த ஃபங்ஷன் ஒவ்வொன்றின் முகப்பிலும் ப்ரோப் என்ற ஒரு காவல்காரனை உட்கார வைக்கலாம். அவன் யாரையும் மறிக்க மாட்டான். இன்னார் வந்தார், இன்னது கொண்டுபோனார் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருப்பான். கர்னல் அப்படி ஐந்து இடத்தில் ஆள் போட்டுவிட்டு, திரையில் ஓடுகிற வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடித்த வேலை அது. எத்தனையோ பேர் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாரும் அவளிடம் பேச மாட்டார்கள் என்பது மட்டும்தான் குறை.

உள்ளே அழைக்கிற ஃபங்ஷனில் முதல் தடயம் கிடைத்தது. சில மத்தியானங்களில் அந்தப் பக்கமே யாரும் வரவில்லை. வெளியே அழைப்புகள் வந்து நின்றன. சிஸ்டத்தின் கர்னல் தன் வழக்கப்படி வந்தவர்களுக்குக் கைகொடுத்து வரிசையில் உட்கார வைத்தது. அதனால்தான் வீட்டில் விளக்கு எரிந்தது. ஆனால் உள்ளே கூப்பிட வேண்டிய புரோகிராம், எல்லா மேசையிலும் ஆள் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துச் சும்மா இருந்துவிட்டது. அவள் படியிறங்கிக் கீழே போய்ப் பார்த்தாள். உதவி அறையில் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கொட்டாவி விட்டாள். யாரும் எந்த அழைப்பிலும் இல்லை.

அப்புறம் மூடுகிற ஃபங்ஷனைப் பார்த்தாள். மேசையில் இருக்கும் பெண் அழைப்பை முடிக்கும்போது, புரோகிராம் கேட்கிற காதை மட்டும் மூடியது. பேசுகிற வாயை மூடவில்லை. மறுமுனையில் பச்சையை அழுத்துவார்கள், அதோடு எல்லாம் மூடிவிடும் என்று எழுதியவர்களுக்கு நம்பிக்கை. எல்லா வீட்டிலும் அழுத்தினார்கள். ஒரே ஒரு வீட்டில் அழுத்தவில்லை.

அந்த வீட்டிலிருந்து காலையில் ஒரு அழைப்பு வரும். இரண்டு வார்த்தை பேசி முடியும். பச்சையை அழுத்தாமலே கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு, வேறொரு மேசை. மறுபடி சிவப்பு. சில நாள் மத்தியானத்துக்குள் எல்லா மேசைகளும் அந்த ஒரு வீட்டோடு கட்டுண்டு கிடக்கும். பொழுது போனதும் எல்லாம் ஒன்றாக மூடும். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இங்கிருந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அனுப்புகிற ஃபங்ஷனின் வரிகளில், சத்தத்தைச் சுமந்துபோகும் பாக்கெட்டுகளின் அளவைப் பார்த்தாள். அமைதியான நேரத்தில் மெலிந்தும், சாப்பாட்டு வேளையில், அதாவது பெண்கள் கூடி அரட்டையடிக்கிற வேளையில், பருத்தும் இருந்தன.

அந்த வீட்டில் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா போனில் வந்தாள். குழந்தை சுவரைப் பிடித்து நிற்பதைக் காட்டினாள். பின்னால் குக்கர் விசிலடித்தது. மாப்பிள்ளை எதையோ தேடிக் கத்தினார். சரி, வைக்கிறேன் என்றாள் அக்கா.

"வைக்காதக்கா. பேச வேண்டாம். போனை அப்படியே அடுப்பு மேடை மேல வச்சுட்டு உன் வேலையைப் பாரு."

"எதுக்குடி?"

"சும்மாதான்."

"பைத்தியமா உனக்கு? சார்ஜே இல்ல" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். காதோடு வாயையும் சேர்த்து மூடும்படி புரோகிராமைத் திருத்தினால் போதும், கர்னல் மேல் தப்பில்லை என்றாள். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டு, அந்த வீட்டு இணைப்பை இன்றைக்கே வெட்டிவிடலாம் என்றார். ஒட்டுக்கேட்ட ஆளுக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி. பெட்டியை நேரில் பார்க்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். பெட்டியைப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

மத்தியானம் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே பலர் பேசும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவர் ஒல்லியான பெரியவர். வெளியே போகிற நாள்போலத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். பேருந்து நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் ஆயுசு முழுக்க உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கும் என்று பதில் சொல்லி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகன் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டு வெளியூர் போயிருந்தான்.

கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய்ப் பச்சையை அழுத்தவும் தோன்றவில்லை. பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி, பக்கத்தில் ஆறிப்போன டீ. பெட்டிக்குள் உதவி அறைப் பெண்கள் யாருடைய புதுச் செருப்பைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கக் கூடாதுதான்" என்றார். "முதல் தடவை பச்சையை அழுத்த மறந்துட்டேன். அப்புறம் மறக்கல. எல்லா மேசைப் பேச்சும் கேக்கணும்னு சிவப்பையே திரும்பத் திரும்ப அழுத்தினேன்."

ரேடியோ கேட்கலாமே என்றாள் அவள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ரேடியோல பேசுறவங்க நமக்காகப் பேசுறாங்கம்மா. இவங்க நமக்காகப் பேசல. அவங்கபாட்டுக்கு இருக்காங்க. பக்கத்துல நாமும் இருக்கோம். அவ்வளவுதான்."

பிறகு தயங்கித் தயங்கி, இருமுகிற பெண் ரெண்டு நாளாக வரவில்லையே, உடம்புக்கு என்ன என்று கேட்டார். இன்னொருத்தி புருஷனோடு போட்ட சண்டை தீர்ந்துவிட்டது, அது நல்லதாயிற்று என்றார். கர்னலுக்கு அந்தப் பெண்களின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஒரே கட்டடத்தில் இத்தனை வருஷமாக இருந்தும், யார் இருமுகிறாள், யார் அழுகிறாள் என்று அவள் அறிந்ததில்லை.

"என்னால யாருக்காவது இடைஞ்சல் ஆயிடுச்சா?" என்று கேட்டார் பெரியவர்.

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உதடுவரை அந்த வார்த்தை வந்தது. ஆனால் கேள்விக்குச் சரியான பதில் சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதரிடம் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு அம்மா கீழ விழுந்துட்டாங்க ஐயா. பொத்தானை அழுத்தியிருக்காங்க. லைன் கிடைக்கல. தப்பு எங்க புரோகிராம்லதான். ஆனா அந்த நேரத்துல லைனெல்லாம் இங்கதான் இருந்துச்சு."

"உசிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவர் எழுந்து போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். செருப்புப் பேச்சு பாதியில் நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அவ்வளவு சின்ன வீடு திடீரென்று மண்டபம்போலப் பெரிதாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்விடச் சொன்னார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு உங்களுக்கு ஒன்றென்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றுகூடக் கேட்டாள். அவர் மறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெட்டி அவள் பைக்குள் வந்தது.

புரோகிராமைத் திருத்தினார்கள். உதவி அறையில் விஷயம் தெரிந்ததும் ரகளையாகிவிட்டது. புருஷனோடு சண்டை போட்டவள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். கண்டவன் கேட்பதற்கா நாங்கள் வாய் திறந்தோம் என்று இருமல்காரி குதித்தாள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. கர்னல் பெரியவருக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசவில்லை. ஆனால் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இருமல்காரியைத் தனியாகக் கேட்டாள். அவர் விசாரித்ததாகச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அவள் பெட்டியோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததைச் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மாவை எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்து, நான்தான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அந்த அம்மா படுத்தபடியே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்களாம். நர்ஸ் வந்து அதட்டிய பிறகுதான் ஓய்ந்ததாம்.

"அப்புறம் என்ன சொன்னாங்க?"

"வரும்போது சும்மா வராதே, பேப்பர் வாங்கிட்டு வான்னாங்க."

"போவீங்களா?"

"போகணும்ல. இன்னும் முழுசாத் திட்டி முடிக்கல."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மாட்டவும் சம்மதிக்கவில்லை. அந்த அம்மா வீடு திரும்பட்டும், அவர்கள் சொன்னால் மாட்டிக்கொள்கிறேன் என்றார். அதற்கு மேல் வற்புறுத்த அவளால் முடியவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது, உங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டார். அக்கா இருக்கிறாள், வெளியூர் போயிருக்கிறாள் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை கர்னல் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். மேலே நெட்வொர்க் சரியில்லை என்று மேலாளரிடம் ஒரு காரணம் சொன்னாள். நெட்வொர்க்கைப் பற்றி அவளிடம் எதிர்க்கேள்வி கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. உதவி அறையின் மூலையில், பிரிண்டரை ஒட்டிய மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்ததும் அறை கப்சிப் ஆகிவிட்டது. வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். நினைத்ததில் பாதி உண்மையும்தான். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்கள். அவள் தனியாகச் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. மேல்மாடிக் காலி நாற்காலிகளே தேவலை என்று ஒரு தடவை பையைக்கூட மூடினாள். பிறகு பையைத் திறந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

நாளாக ஆக, மாடிப்படியில் வெயில் தாங்காமல் ஒருவர் ஒருவராக அறைக்குள் சாப்பிடத் திரும்பினார்கள். முதலில் கிசுகிசுத்தார்கள். அப்புறம் அதற்கும் சோம்பலாகிவிட்டது. ஒரு மத்தியானம், டீக்கு வைத்திருந்த சர்க்கரையை யார் காலி செய்தது என்று சண்டை மூண்டது. இருமல்காரி ஒருத்தியைக் குற்றம் சாட்ட, அவள் இன்னொருத்தியைக் காட்ட, பழைய கணக்கெல்லாம் வெளியே வந்து, குரல் உயர்ந்து அறை இரண்டுபட்டது. மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது யாருக்கும் நினைவில்லை.

கர்னல் தலையை நிமிர்த்தவில்லை. விரல்கள் தம்பாட்டுக்கு எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தன. காது மட்டும் திறந்தே இருந்தது.